இருபது நொடி

பூட்ஸைக் கதவுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு, ஈரமான காலுறையோடு, கம்ப்யூட்டர் திரையிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார் அவர். நான் அவரைப் பார்த்த முதல் நிமிஷம் அதுதான். திரையில் ஒரு சிவப்பு வரி விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு, "இது யாரக் கூப்பிடுதுங்க?" என்று கேட்டார். அதுவரை எத்தனையோ ஆலைகளுக்குக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அலாரம் வந்தால் என்ன ஆச்சு என்று கேட்பார்கள், இதை எப்படி நிறுத்துவது என்று கேட்பார்கள். யாரைக் கூப்பிடுகிறது என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். "உங்களத்தான்" என்றேன். குரங்குக் குல்லாயைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அப்ப போறேங்க" என்று குளிர் அறைப் பக்கம் போய்விட்டார். போய்ப் பார்க்காமல் எதையும் அமுக்குகிற பழக்கம் அவருக்குக் கடைசிவரை இல்லை.

கொடைக்கானலிலிருந்து பூண்டிக்குப் போகிற சாலையில், சரிவைச் சமப்படுத்திக் கட்டிய காய்கறிக் கிடங்கு அது. கேரட், பீட்ரூட், விதைப்பூண்டு எல்லாம் பிளாஸ்டிக் கிரேட்டுகளில் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருப்பார்கள். மலையே குளிர்கிறதே, இதற்கு எதற்குக் குளிர் அறை என்று என் கணவர் கூடக் கேட்டார். நமக்குக் குளிர்கிற குளிர் கேரட்டுக்குப் போதாது. அதற்குத் தண்ணீர் உறைகிற புள்ளிக்கு ஒரு டிகிரி மேலே வேண்டும், கூடவே ஈரப்பதம் வேண்டும். அப்படி மூன்று அறைகள். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் அவர். நான் அவரை அண்ணன் என்று கூப்பிட்டேன். மேனேஜர் பக்கத்தில் இருந்தால் அவர் எனக்கு மேடம் சொல்வார், இல்லாதபோது தங்கச்சி.

அலாரம் என்பது வரும், போகும், அவ்வளவுதான் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். உள்ளே அது அப்படி இல்லை. கோளாறு வந்ததும் வரி சிவப்பாகி விட்டுவிட்டு எரியும். ஆபரேட்டர் பொத்தானை அமுக்கினால் எரிவது நின்று சிவப்பு நிலையாக இருக்கும். அதன் பொருள், கோளாறு இன்னும் இருக்கிறது, ஆனால் ஒரு மனிதருக்கு அது தெரிந்துவிட்டது என்பது. கோளாறு சரியானால் வரி மறைந்துவிடும். இதில் இன்னொரு வழியும் உண்டு. யாரும் பார்ப்பதற்கு முன்பே கோளாறு தானாகப் போய்விட்டால் வரி மறையாது. மஞ்சளாகி விட்டுவிட்டு எரிந்துகொண்டே இருக்கும். வந்தது போய்விட்டது, ஆனால் வந்ததை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை என்று அது சொல்கிறது. இதை நான் ஒரு தாளில் படம் போட்டு அண்ணனுக்குச் சொன்னேன். அவர் படத்தை அதிகம் பார்க்கவில்லை.

"எங்கப்பா சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல இருந்தவருங்க. அங்க பெரட்டுன்னு சொல்லுவாக. வெள்ளனே தப்பு மோளம் அடிச்சதும் எல்லாரும் வரிசையில வந்து நிக்கணும். பேரு கூப்பிட்டா குரல் குடுக்கணும். குடுக்கலன்னா ஆளு இல்லன்னு எழுதிருவாக. இங்க பேரு கூப்பிடுறது இந்தப் பெட்டி, குரல் குடுக்குறது நானு. அம்புட்டுதானங்க?"

அவ்வளவுதான். நான் அதைவிடச் சுருக்கமாக யாருக்கும் விளக்கியதில்லை.

குளிர் அறைக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் வெளியே தெரிவிக்க, ஒவ்வொரு அறையிலும் சுவரை ஒட்டி ஒரு மஞ்சள் கயிறு ஓடியது. விழுந்து கிடப்பவருக்கும் எட்ட வேண்டும் என்பதற்காக முழங்கால் உயரத்தில் கட்டியிருந்தோம். கயிற்றின் முனையில் ஒரு சுவிட்ச். அந்த சுவிட்சுக்குள் இருக்கும் கான்டாக்ட் எப்போதும் மூடியே, அதாவது இரண்டு உலோக முனைகளும் ஒட்டியே இருக்கும், அதன் வழியாக மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிறவரை எல்லாம் நலம். கயிற்றை இழுத்தால் கான்டாக்ட் திறந்து மின்சாரம் நிற்கும், அலாரம் வரும். எலி கடித்து ஒயர் அறுந்தாலும் மின்சாரம் நிற்கும், அப்போதும் அலாரம் வரும். பழுது வந்தால் பாதுகாப்பான பக்கம் சாய வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைப் பாடம். அதை ஒழுங்காகச் செய்துவிட்டோம் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

முதல் மழைக்காலத்திலேயே அந்தப் பெருமை தொல்லையாக மாறியது. உறைநிலைக்கும் கீழான காற்றை ஊதும் விசிறிக்கு நேரே இருந்த மூன்றாம் அறை சுவிட்சுக்குள் ஈரம் இறங்கி, அது உறைந்து, கான்டாக்ட் கொஞ்ச நேரம் விலகும், திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் அலாரம். ஹூட்டர் அலறும். முதலில் அந்த ஹூட்டரை வெளிச்சுவரில்தான் மாட்டியிருந்தோம். பக்கத்தில் இருந்த ரிசார்ட்டிலிருந்து, தங்க வருகிறவர்கள் பயப்படுகிறார்கள் என்று இரண்டு முறை ஆள் வந்து சொன்னார்கள். மேனேஜர் அதைக் கழற்றி ஆபரேட்டர் அறைக்குள் மாட்டச் சொன்னார். ஆபரேட்டருக்குக் கேட்டால் போதும்தானே என்றார். நானும் போதும் என்றேன்.

அண்ணன் ஒவ்வொரு தடவையும் ஓடினார். தானே பூட்டிவிட்டு வந்த காலி அறையாக இருந்தாலும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போய், கதவைத் திறந்து, "யாருங்க உள்ள?" என்று குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு வந்துதான் பொத்தானை அமுக்குவார். உள்ளே ஆள் இல்லை என்று உங்களுக்கே தெரியுமே என்று ஒருநாள் கேட்டேன். "தெரியும் தங்கச்சி. ஆனா பாக்காம அமுக்குனா மனசு கேக்க மாட்டேங்குது" என்றார். ஒரு மாதம் கழித்து அவரே என்னிடம் வந்தார். முகம் வற்றியிருந்தது.

"இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. ஒரு நாளைக்கு இருவது முப்பது தடவ ஓடுறேன். எனக்கு ஓடுறது பெரிசு இல்லங்க. இப்பிடியே போனா, நெசமா ஒருத்தன் உள்ள கெடந்து கூப்பிடுற அன்னைக்கு, இதுவும் பொய்யின்னு நான் உக்காந்துருவேனோன்னு பயமா கெடக்கு."

அவர் சொன்னது நியாயம். எந்தப் பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்லும். நான் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். ஈரத்தால் விலகும் கான்டாக்ட் பன்னிரண்டு நொடிக்குள் ஒட்டிக்கொண்டுவிடுவது தெரிந்தது. எனவே ஒரு தாமதம் வைத்தேன். இருபது நொடி விடாமல் திறந்திருந்தால் மட்டுமே அலாரம், நடுவில் மூடிக்கொண்டால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அவரிடமும் சொன்னேன். அப்போது அந்தக் கயிற்றில் இருந்த சுவிட்ச், ஒருமுறை இழுத்தால் அப்படியே நிற்கிற வகை. சாவி போட்டுத் திருப்பினால்தான் பழைய நிலைக்கு வரும். எனவே இருபது நொடி என்பது உள்ளே இருப்பவருக்கு ஒன்றுமே இல்லை. ஒரு முறை இழுத்துவிட்டுக் காத்திருந்தால் போதும்.

அறை அமைதியானது. "வெரசா முடிச்சிட்டீங்க. ஒரு வாரமா சோறு ஒழுங்கா எறங்குது" என்று போனில் சொன்னார்.

ஏழெட்டு மாதம் கழித்து மூன்றாம் அறை சுவிட்ச் துருப்பிடித்து அடியோடு போய்விட்டது. மேனேஜர் திண்டுக்கல்லில் ஒன்று வாங்கி வந்தார். அதே நிறம், அதே அளவு. அண்ணன்தான் மாட்டினார். "சுவிட்ச் மாத்தியாச்சுங்க, இழுத்துப் பாத்தேன், கான்டாக்ட் தெறக்குது" என்று எனக்குச் சொன்னார். நான் அப்போது மதுரையில் வேறு வேலையில் இருந்தேன். சரி அண்ணே என்றேன். பேச்சு ஒரு நிமிஷம் கூட இருக்காது. புதிய சுவிட்சுக்குள் ஸ்பிரிங் இருந்தது. கயிற்றை விட்டால் கான்டாக்ட் தானாக மூடிக்கொள்ளும். இழுத்தால் நிற்கிறதா, திரும்புகிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியது என் வேலை. அவருடையதும் அல்ல, மேனேஜருடையதும் அல்ல.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கொடைக்கானல் முழுக்கச் சுற்றுலா வண்டிகள். ஊருக்குள் இருக்கும் என் வீட்டில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அலாரங்கள் எனக்கும் வரும்படி வைத்திருந்ததால், மூன்றரை மணிக்கு என் போனில் அந்தக் கிடங்கிலிருந்து ஒரு தகவல் வந்தது. மூன்றாம் அறை, உள்ளே ஆள், அலாரம். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்ப்பதற்குள் அடுத்த தகவல் வந்தது. இயல்பு நிலை. சிவப்பு மஞ்சளாகிவிட்டது. பழைய தொல்லை திரும்ப வந்துவிட்டது என்று நினைத்தேன். ஈரம்தான். இனி தாமதத்தை முப்பது நொடி ஆக்க வேண்டும் போல என்று கூட நினைத்தேன். அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து அமுக்குவார், வரி மறையும். பாத்திரத்தை முடித்தேன்.

வரி மறையவில்லை. பத்து நிமிஷம் ஆயிற்று. அவர் ஒருபோதும் நான்கைந்து நிமிஷத்துக்கு மேல் விட்டதில்லை. அவர் போனுக்கு அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஆபரேட்டர் அறைப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேனேஜரைப் பிடித்தேன். அவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரிக்குப் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். மதியமே லோடு ஏற்றிவிட்டுக் கூலியாட்கள் போய்விட்டார்கள், வாட்ச்மேனுக்குச் சொல்கிறேன் என்றார். வாட்ச்மேன் போனை எடுக்கவில்லை. அண்ணனின் மனைவி கிடங்கை ஒட்டிய கேரட் கழுவும் கொட்டகையில் வேலை செய்கிறார் என்பது எனக்குத் தெரியும். மதினி என்று கூப்பிட்டு எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். அவர் நம்பரை மட்டும் நான் வாங்கி வைத்திருக்கவில்லை.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஏரியைச் சுற்றி வண்டிகள் நகரவில்லை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கார். குழந்தைகள் ஜன்னல் வழியாகச் சோளக்கருதைத் தின்றுகொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் ஹாரன் அடித்தேன், எல்லாரும்தான் அடித்தார்கள். போனைப் பார்த்தால் மஞ்சள் வரி எரிந்து எரிந்து அணைகிறது. எனக்கு அங்கே நடப்பது தெரியவில்லை. யாரும் இன்னும் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. ஊரைத் தாண்டியதும் சிக்னல் போய், அதுவும் தெரியாமல் போயிற்று.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை வெளியே கொண்டுவந்து, சாக்கு விரித்துக் கிடத்தியிருந்தார்கள். சாப்பிடப் போயிருந்த வாட்ச்மேன் திரும்பி வந்து, மேனேஜர் சொல்லிக் கதவைத் திறந்திருக்கிறார். கேரட் கிரேட்டு அடுக்கு சரிந்து இரண்டு காலும் அடியில் மாட்டியிருந்தன. உடுப்பெல்லாம் ஈரம். உதடு கறுத்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் பேச்சு இல்லை. மதினி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவர்மேல் போட்டு, "ஏங்க, ஏங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் நான் வந்த அதே சாலையில்தான் வர வேண்டியிருந்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அவர் போய்விட்டார்.

அவரை அடக்கம் செய்ததற்கு அடுத்த நாள் கிடங்குக்குப் போனேன். ஆபரேட்டர் அறையில் யாரும் இல்லை. திரையில் அந்த மஞ்சள் வரி அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அமுக்குகிற ஆள் போய்விட்டதால் அது நிற்க வழியில்லை. மேனேஜர் பின்னாலேயே வந்தார். "மேடம், ஆபீசருங்க வர்றாங்க. அந்த மஞ்சக் கோடு கெடக்குல்ல, அத மொதல்ல எடுத்துருங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ராத்திரி முழுக்க அழுதிருந்தது கண்ணில் தெரிந்தது. நான் அமுக்குவதற்கு முன்னால், அலாரம் பட்டியலுக்கு அடியில் இருக்கும் இன்னொரு பதிவைத் திறந்தேன். அலாரம் ஆனாலும் ஆகாவிட்டாலும், கான்டாக்ட் எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று ஒவ்வொரு அசைவையும் எழுதிவைக்கிற பதிவு அது. யாரும் பார்ப்பதில்லை. ஒரே ஒரு வரியைத்தான் எதிர்பார்த்தேன்.

நாற்பத்து மூன்று இருந்தன.

மதியம் இரண்டு மணி இருபது நிமிஷத்துக்குத் திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. முதலில் எல்லாமே இரண்டு நொடி, மூன்று நொடி. ஆபத்தில் இருக்கும் யாரும் இழுக்கிற மாதிரி வெடுக்கு வெடுக்கென்று இழுத்திருக்கிறார். ஸ்பிரிங் ஒவ்வொன்றையும் மூடியிருக்கிறது. நான் எழுதிய தாமதம் ஒவ்வொரு தடவையும் எண்ணத் தொடங்கி, இரண்டு என்று சொல்லி, மறுபடி பூஜ்யத்துக்குப் போய் நின்றிருக்கிறது. பிறகு பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் வந்த வரிகள் நீளமாக இருந்தன. எட்டு நொடி. பதினொன்று. ஒன்பது. அவருக்கு அந்த இருபது நொடி ஞாபகம் வந்துவிட்டது என்று அங்கே தெரிந்தது. விடாமல் பிடிக்கப் பார்த்திருக்கிறார். ஒன்று பதினேழு நொடிவரை போயிருந்தது. அந்த வரியைப் பார்த்தபோது இன்னும் மூன்று என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், ஏதோ அப்போதுதான் நடந்துகொண்டிருப்பதைப் போல. மேனேஜர் என்ன மேடம் என்றார். கடைசி வரி மூன்றரைக்கு. நாற்பத்தெட்டு நொடி. அதுதான் எனக்கு வந்தது. நான் ஈரம் என்று நினைத்தது.

விசாரிக்க வந்தவர்களிடம் அந்தப் பதிவை அச்செடுத்துக் கொடுத்தேன். தாமதம் வைத்தது நான், சுவிட்ச் வகையைக் கேட்காமல் விட்டதும் நான் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு வந்த அறிக்கையில், அலாரம் அமைத்தபடி இயங்கியது என்றும், பணியிலிருந்த ஆபரேட்டர் அதை ஏற்று நடவடிக்கை எடுக்கவில்லை என்றும் இருந்தது. இரண்டு வாக்கியத்திலும் பொய் என்று சொல்ல ஒரு சொல்லும் இல்லை. யாரிடம் போய் எதைத் திருத்தச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஹூட்டர் உள்ளே போனதற்கு ஒரு நியாயம், தாமதத்துக்கு ஒரு நியாயம், அதே நிறத்தில் இருந்த சுவிட்சுக்கு ஒரு நியாயம். தனித்தனியாக எடுத்தால் இன்றைக்கும் அதில் எதையும் தவறு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எல்லாம் சேர்ந்து ஒருவரை ஒரு மணி பத்து நிமிஷம் கூப்பிட வைத்து, யார் காதிலும் விழாமல் செய்துவிட்டன.

அந்தக் கிடங்கின் வேலையை நான் விட்டுவிட்டேன். போன மாதம் வேறு வேலையாக அந்தச் சாலையில் போனபோது கொட்டகைப் பக்கம் வண்டியை நிறுத்தினேன். மதினி தொட்டிக்குள் முழங்கால்வரை இறங்கிக் கேரட் அலசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். நலம் விசாரித்தோம். மகள் பழனியில் ஒரு கடையில் வேலைக்குப் போகிறாளாம். பிறகு அவர் கேட்டார்.

"மேனேஜர் சொன்னாருங்க, பெட்டி சரிஞ்ச ஒடனே மயக்கம் வந்துருச்சு, அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுன்னு. நெசந்தானங்க?"

வழியெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்றுதான் வந்தேன். "ஆமா மதினி" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தண்ணீரில் ஊறி வெளுத்திருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "குளிப்பாட்டுறப்ப நாந்தான் அவரு கையப் பிரிச்சு வுட்டேன். வலது கையில மூணு சுத்து, கயித்துத் தடம். தோலு அறுந்து உள்ள செவந்து கெடந்துச்சு. வழுக்காம இருக்கக் கயித்தக் கையில சுத்திக்கிட்டுத் தொங்குனாத்தான் அப்பிடி அறுக்கும். மயங்கிக் கெடந்தவருக்கு அது எப்பிடிங்க வந்துச்சு?"

அதற்குமேல் மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நாற்பத்து மூன்று தடவை என்று சொன்னேன். தாமதத்தைச் சொன்னேன், அது நான் வைத்தது என்று சொன்னேன். பதினேழு நொடியையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நல்லது என்று கூட நினைத்தேன். அவர் திட்டவில்லை.

"மொதத் தடவ எத்தன மணிக்குங்க?"

"ரெண்டு இருவதுக்கு."

அவர் கிடங்குப் பக்கம் திரும்பி, கண்ணைச் சுருக்கி, அந்த நேரத்தைத் தேடுவது போல நின்றார்.

"ரெண்டு மணிக்கு உண்ண வருவாரு. ரெண்டே கால் வரைக்கும் பாத்தேன். லோடு சோலியில இருக்காருன்னு நெனச்சு நான் உண்டுட்டேன். அவரு தூக்குவாளிய மூடி, ஆறிப் போயிரக் கூடாதுன்னு, வெயிலடிக்கிற எடமாப் பாத்து அந்தா அந்தச் செவுத்து ஓரமா வச்சிட்டு வந்தேன்."

அவர் காட்டியது மூன்றாம் அறையின் வெளிச்சுவர்.